காதுல மாட்டுற ஒயருக்கும் 646 மீட்டர் கோபுரத்துக்கும் ஒரே கணக்குதான்!

நீங்க கேட்டீங்க... - வாரம் ஒரு கேள்வி

"போன்ல எஃப்.எம். கேக்கணும்னா இயர்போன் சொருகச் சொல்லுது. ஸ்பீக்கர்ல கேக்கத்தானே போறேன், அப்புறம் எதுக்கு இயர்போன்?"

மதுரையிலிருந்து ஒரு வாசகி அனுப்பியிருந்த கேள்வி இது. 'சின்ன கேள்விதானே, நாலு வரியில முடிச்சிடலாம்' என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. காரணம், இதே கேள்வியை வேறு விதமாக என்னிடம் ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். என் தாத்தா. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மதுரை வாசகிக்குப் பதில்.

இயர்போன் ஒயர் பாட்டைக் காதுக்குக் கொண்டு வருவதற்கு மட்டும் இல்லை. காற்றில் வரும் பண்பலை ஒலிபரப்பைப் பிடிக்கும் ஆன்டெனாவும் அதுதான். ஒயரைப் பிடுங்கிவிட்டால் போனுக்குள் இருக்கும் எஃப்.எம். ரேடியோவுக்குக் காதே இல்லாமல் போய்விடுகிறது. ப்ளூடூத் இயர்போனில் எஃப்.எம். வராததற்கும் இதுதான் காரணம். அதில் ஒயரே கிடையாதே!

'அதே போன் செல்போன் டவர் சிக்னலையும் வை-ஃபையையும் ஒயர் இல்லாமலே பிடிக்கிறதே, எஃப்.எம்.முக்கு மட்டும் ஏன் ஒயர்?' என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லத்தான் அலைநீளம் வேண்டும்.

அலைநீளம் என்றால்?

குளத்தில் கல் எறிந்தால் வட்டம் வட்டமாக அலை போகும். ஒரு அலையின் மேட்டிலிருந்து அடுத்த அலையின் மேடு வரை உள்ள தூரம்தான் அலைநீளம். ரேடியோ அலைக்கும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாது, வேகம் மட்டும் அசுர வேகம். ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். வெளிச்சத்தின் வேகமும் அதுதான்.

ஒரு நொடியில் எத்தனை அலை கிளம்புகிறதோ அது அதிர்வெண். ஒரு நொடியில் நிறைய அலை கிளம்பினால் ஒவ்வொன்றும் குட்டையாக இருக்கும். குறைவாகக் கிளம்பினால் ஒவ்வொன்றும் நீளமாக இருக்கும். ஓடுகிற தூரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே!

கணக்கு ரொம்ப சுலபம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். பண்பலை நிலையம் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் 300 வகுத்தல் 100, அதாவது 3 மீட்டர். உங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது மூன்று மீட்டர் நீள அலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

பழைய ஆட்களுக்கு இது புதிதில்லை. அந்தக் காலத்து ரேடியோவின் கண்ணாடித் தகட்டில் 25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர் என்று எண்கள் இருக்கும். அறிவிப்பாளரும் இத்தனை மீட்டர், இத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார். அந்த மீட்டர்தான் அலைநீளம். வானொலி நிலையம் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று சொல்கிறார்கள் என நான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீங்க, உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்!

ஏன் கால் பங்கு?

ஆன்டெனா என்பது அடிப்படையில் ஒரு கம்பி. அதில் மின்சாரம் மேலும் கீழும் ஊசலாடினால் அலை கிளம்பும். வருகிற அலை ஒரு கம்பியைத் தொட்டால் அதில் மின்சாரம் ஊசலாடும். அனுப்புவதும் பிடிப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை உட்கார வைத்து ஆட்டும்போது ஊஞ்சல் நம் பக்கம் வந்து திரும்புகிற அந்த நொடியில் தள்ளினால், ஒரு விரல் போதும், ஊஞ்சல் உயர உயரப் போகும். அது நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும், ஊஞ்சல் நின்றுவிடும்.

கம்பியிலும் இதே கதைதான். அடியிலிருந்து கிளம்பும் மின்சாரம் நுனிக்குப் போகிறது. அதற்கு மேல் போக வழியில்லை, திரும்பி வருகிறது. கம்பியின் நீளம் அலைநீளத்தில் சரியாகக் கால் பங்கு இருந்தால், மேலே போக கால் துடிப்பு நேரம், கீழே வர கால் துடிப்பு நேரம், ஆக அரைத் துடிப்பு ஆகும். அந்த நேரத்தில் கீழே இருக்கும் டிரான்ஸ்மிட்டரும் திசையை மாற்றி, மின்சாரத்தைக் கீழ்நோக்கி இழுக்கத் தொடங்கியிருக்கும். இறங்கி வருவதும் இழுப்பதும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிய மாதிரி! கொடுக்கும் சக்தியெல்லாம் அலையாகக் கிளம்பிப் போகும்.

ஆக, 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் நீளம் கிடைத்துவிடும். போட்டுப் பார்ப்போமா?

• வை-ஃபை, 2,400 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், கால் பங்கு சுமார் 3 சென்டிமீட்டர்

• செல்போன், 900 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 33 சென்டிமீட்டர், கால் பங்கு சுமார் 8 சென்டிமீட்டர்

• பண்பலை, 100 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 3 மீட்டர், கால் பங்கு 75 சென்டிமீட்டர்

• சிற்றலை, 7.2 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 41.7 மீட்டர், கால் பங்கு சுமார் 10.4 மீட்டர்

• மத்திய அலை, 720 கிலோஹெர்ட்ஸ்: அலைநீளம் 417 மீட்டர், கால் பங்கு 104 மீட்டர்

பட்டியலைப் பார்த்ததும் மதுரை வாசகிக்குப் பதில் கிடைத்திருக்கும். 3 சென்டிமீட்டரும் 8 சென்டிமீட்டரும் போனுக்குள் அடங்கிவிடும். 75 சென்டிமீட்டர் அடங்குமா? போனின் நீளமே ஒரு சாண்தான். அதனால்தான் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இருக்கும் இயர்போன் ஒயரை ஆன்டெனாவாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். கால் பங்குக்குத் துல்லியமாகப் பொருந்தாவிட்டாலும், கேட்பதற்கு அது போதும்.

கோபுரம் தாங்கவில்லை, கோபுரமே ஆன்டெனா!

பட்டியலின் கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள். 720 கிலோஹெர்ட்ஸ் என்பது சென்னை வானொலியின் மத்திய அலை. அதற்குக் கால் பங்கு வேண்டும் என்றால் 104 மீட்டர். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் அலைநீளம் 320 மீட்டர், கால் பங்கு 80 மீட்டர். முப்பது மாடிக் கட்டடம் உயரத்துக்கு ஒரு கம்பியை எப்படி நிறுத்துவது? கோபுரமாகத்தான் நிறுத்த வேண்டும்.

பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். மத்திய அலை நிலையத்தின் கோபுரத்தைப் பார்த்தால், 'உச்சியில ஏதோ ஆன்டெனா இருக்கும்போல' என்று நினைப்போம். உச்சியில் தனியாக எதுவும் இருக்காது. அந்த இரும்புக் கோபுரம் முழுவதும்தான் ஆன்டெனா. அடியிலிருந்து உச்சி வரை அதில் மின்சாரம் ஊசலாடுகிறது. தரையைத் தொட்டுவிட்டால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும் என்பதால், பெரும்பாலான கோபுரங்கள் ஒரு பீங்கான் இன்சுலேட்டர்மேல் நிற்கும். பல டன் இரும்பு, ஒரு பீங்கான் தலையில்! அதைச் சுற்றி வேலி போட்டு 'அபாயம்' என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. தரையில் நின்றுகொண்டு அந்தக் கோபுரத்தைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு ரகசியம் மண்ணுக்குள் இருக்கிறது. கால் பங்கு கோபுரம் உண்மையில் பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதிக்கு பூமி கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது. குளத்தங்கரையில் நிற்கும் தென்னையின் நிழல் தண்ணீரில் தலைகீழாகத் தெரியுமே, அந்த மாதிரி. ஆனால், காய்ந்த மண் நல்ல கண்ணாடி இல்லை. அதனால் கோபுரத்தின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நாலா பக்கமும் செம்புக் கம்பிகளைப் புதைக்கிறார்கள். கால் அலைநீளத்துக்கு 120 கம்பிகள் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு. 1937-ல் அமெரிக்காவில் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூன்று பொறியாளர்கள் கம்பிகளைக் கூட்டியும் குறைத்தும் அளந்து பார்த்து வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. ஈர மண் நல்லது, உப்புத் தண்ணீர் அதைவிட நல்லது. மத்திய அலைக் கோபுரங்களை மலை உச்சியில் வைக்காமல் சமவெளியிலும் ஈர நிலத்திலும் வைப்பது இதனால்தான். மத்திய அலை தரையை ஒட்டியே வளைந்து போகக்கூடியது. அதற்கு மலை ஏற வேண்டிய அவசியமே இல்லை.

அப்போ கொடைக்கானல் எதுக்கு?

'மலை வேண்டாம்னா, கொடைக்கானல்ல ஏன் பண்பலை நிலையம் வெச்சிருக்காங்க?' நல்ல கேள்வி!

பண்பலைக்கு ஆன்டெனா சின்னது. ஆனால், அந்த அலை தரையை ஒட்டி வளையாது, கிட்டத்தட்ட நேர்க்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்கு மேல் அலை நம் தலைக்கு மேலே போய்விடும். அதனால் அந்தச் சின்ன ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைக்கிறோமோ அவ்வளவு தூரம் 'பார்க்கும்'. 100 மீட்டர் உயரத்தில் வைத்தால் சுமார் 41 கிலோமீட்டர். கொடைக்கானல் மாதிரி சமவெளியிலிருந்து 2,000 மீட்டர் உயரம் என்றால், குறுக்கே மலை மறைக்காத திசையில் 180 கிலோமீட்டருக்கு மேல். கோடை பண்பலை தென் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு ஒலித்த ரகசியம் இதுதான்.

ராமேஸ்வரம் டி.வி. கோபுரமும் இந்த வகைதான். 323 மீட்டர் உயரம். அந்த உயரம் ஆன்டெனாவின் அளவு இல்லை, ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்திருக்கும் கையின் அளவு.

ஆக, கோபுரங்களில் இரண்டு சாதி. ஒன்று, தானே ஆன்டெனாவாக நிற்பது. அதன் உயரத்தை அலைநீளம் முடிவு செய்கிறது. இன்னொன்று, ஆன்டெனாவைச் சுமந்து நிற்பது. அதன் உயரத்தை எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது முடிவு செய்கிறது. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது கோபுரம் ஒன்றைப் பார்த்தால், எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். அடியில் பீங்கான், சுற்றிலும் வேலி, ஆளில்லாத வெட்டவெளி என்றால் முதல் வகை. மேலே குச்சி குச்சியாக, தட்டுத் தட்டாக ஏதாவது தொங்கினால் இரண்டாவது வகை.

உலகத்தின் உயரமான கம்பி

முதல் வகையின் உச்சக்கட்டத்தைப் பார்க்க போலந்து நாட்டுக்குப் போக வேண்டும். கான்ஸ்டான்டினோவ் என்ற ஊரில் 1974-ல் ஒரு வானொலிக் கோபுரம் எழுந்தது. வார்சா வானொலி நெட்டலையில், 227 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்ப வேண்டும். அலைநீளம் 1,300 மீட்டருக்கு மேல். அவர்கள் கால் பங்கோடு நிற்கவில்லை, அரைப் பங்குக்குப் போனார்கள். அரைப் பங்கு என்றால் சக்தி வானத்தை நோக்கி வீணாகாமல் தரையை ஒட்டி இன்னும் நன்றாகப் பரவும். கோபுரத்தின் உயரம் 646 மீட்டர்! அன்றைக்கு மனிதன் எழுப்பியதிலேயே மிக உயரமானது. 2008-ல் துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டி முடிக்கும் முன்பே தாண்டும் வரை, அத்தனை உயரத்துக்கு வேறு எதுவும் எழவில்லை.

ஆனால், அந்தக் கோபுரம் அதுவரை நிற்கவில்லை. 1991 ஆகஸ்ட் 8 அன்று, கோபுரத்தை இழுத்துப் பிடித்திருந்த கம்பி வடங்களை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது அப்படியே சரிந்து விழுந்தது. நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. அதே இடத்தில் மறுபடி கட்ட ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1999-ல் சோலெட்ஸ் குயாவ்ஸ்கி என்ற வேறொரு ஊரில் புது நிலையம் வந்தது. அங்கே இரண்டு கோபுரங்கள், 330 மற்றும் 289 மீட்டர். 225 கிலோஹெர்ட்ஸுக்குக் கால் பங்கு கணக்குப் போட்டுப் பாருங்கள், 333 மீட்டர் வரும். அரையிலிருந்து காலுக்கே இறங்கிவிட்டார்கள்!

உயரம் கூடினால் நல்லதா?

எப்போதும் இல்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் டபிள்யூ.எஸ்.எம். என்ற வானொலி நிலையம் இருக்கிறது. 650 கிலோஹெர்ட்ஸ். 1932-ல் 878 அடி, அதாவது சுமார் 267 மீட்டர் உயரத்தில் கோபுரம் கட்டினார்கள். நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் கூர்மையாக வைரம் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் வட அமெரிக்காவிலேயே உயரமான வானொலிக் கோபுரம் அது.

ராத்திரி ஆனால் ஒரு பிரச்னை. நிலையத்திலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் சத்தம் ஏறி ஏறி இறங்கியது. காரணம், கோபுரம் தேவைக்கு மேல் உயரமாகிவிட்டது. கோபுரம் அரை அலைநீளத்தைத் தாண்டிப் போகப் போக, சக்தியில் ஒரு பங்கு செங்குத்தாக வானத்தை நோக்கியும் கிளம்ப ஆரம்பிக்கும். பகலில் அது அப்படியே போய்விடும். ராத்திரியில் மேலே இருக்கும் அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்பும். வானத்திலிருந்து இறங்கும் அலையும் தரை வழியாக வந்த அலையும் ஒரே ஊரில் சந்தித்து, ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். தன் குரலைத் தானே அமுக்கிக்கொள்வது மாதிரி!

என்ன செய்தார்கள் தெரியுமா? 1939-ல் கோபுரத்தை 70 அடி குறைத்தார்கள். 808 அடி ஆனது. பிரச்னை தீர்ந்தது. அந்தக் கோபுரம் இன்றைக்கும் நிற்கிறது.

கம்பி எட்டாத அலையும் உண்டு

நம் ஊரிலேயே ஒரு அதிசயம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம். 1990-ல் தொடங்கப்பட்டது. கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் இறங்காது. அலைநீளம் மிக அதிகமாக இருந்தால்தான் சில மீட்டராவது இறங்கும். அதனால் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துகிறார்கள்.

உதாரணத்துக்கு 18 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 16 கிலோமீட்டரைத் தாண்டும். கால் பங்கு 4 கிலோமீட்டருக்கு மேல்! யாரால் கட்ட முடியும்? அங்கே இருக்கும் கோபுரங்கள் சுமார் 470 மீட்டர். நாட்டின் மிக உயரமான கட்டமைப்புகளில் ஒன்று என்றாலும், தேவையான உயரத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. மீதியைத் தந்திரத்தால் சரிக்கட்டுவதுதான் இப்படிப்பட்ட இடங்களில் வழக்கம். உச்சியிலிருந்து குடைக் கம்பிகள் மாதிரி ஒயர்களை விரிப்பார்கள். அடியில் பெரிய கம்பிச் சுருள் வைப்பார்கள். குட்டையான ஆன்டெனாவை நெட்டையானது என்று மின்சாரத்தை ஏமாற்றும் வேலை அது.

வீட்டில் செய்து பார்க்க

• ரேடியோவில் எஃப்.எம். கேட்கும்போது இழுக்கும் கம்பியை முழுசாக இழுத்தே ஆகவேண்டும் என்றில்லை. 75 சென்டிமீட்டர் அளவுக்கு இழுத்துவிட்டு, நிமிர்த்தியும் சாய்த்தும் பாருங்கள்.

• மத்திய அலைக்கு அந்தக் கம்பி பயன்படாது. ரேடியோவுக்குள் ஃபெரைட் என்ற கறுப்பு நிறக் குச்சியில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், அதுதான் ஆன்டெனா. அதற்குத் திசை உண்டு. கம்பியை ஆட்டாமல் ரேடியோவையே மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் 'பளிச்'சென்று கேட்கும்.

• கரகர சத்தம் வந்தால் பக்கத்தில் இருக்கும் எல்.இ.டி. பல்பையும் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள்.

• வெளியே ஒயர் கட்டுகிறவர்கள் மின்கம்பிக்கு அருகில் கட்டவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் ஒயரை ரேடியோவிலிருந்து முன்கூட்டியே கழற்றி வைத்துவிடுங்கள்.

இருபத்திரண்டு முழம்

இப்போது தாத்தா கதை.

வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. அவருக்கு இலங்கை வானொலி என்றால் உயிர். சிற்றலை 41 மீட்டரில் கேட்பார். வால்வு ரேடியோ வாங்கிய காலத்தில் வீட்டு உத்தரத்திலிருந்து வாசல் தென்னைமரம் வரை ஒரு செம்புக் கம்பி கட்டினார். நுனியில் வெள்ளைப் பீங்கான் உருளை ஒன்று. எர்த் ஒயரைக் கிணற்றடி மண்ணில் புதைத்து வைத்திருந்தார். அந்த இடத்தில் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவது சின்ன வயதில் அம்மாவின் வேலையாம். "செடியே இல்லாத எடத்துல எதுக்குப்பா தண்ணி?" என்று கேட்டால், "ரேடியோவுக்குத் தாகம்மா" என்பாராம்.

வால்வு ரேடியோ போய் டிரான்சிஸ்டர் வந்தது. அவர் கேட்ட நிகழ்ச்சிகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஒயரை மட்டும் அவர் அவிழ்க்கவே இல்லை. துணி காயப்போடப் போன பாட்டி வாங்கிக்கட்டிக்கொண்டதெல்லாம் தனிக்கதை.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். 16-ம் தேதி விடிந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் போன் போகவில்லை. மூன்றாம் நாள்தான் ஊருக்குப் போய்ச் சேர முடிந்தது. ஊர் முழுக்கத் தென்னைகள் படுத்துக் கிடந்தன. எங்கள் வாசல் தென்னையும் போயிருந்தது. கரன்ட் இல்லை, டவர் இல்லை. கையில் வேலை செய்யாத போனோடு நான் நின்றேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, மடியில் டிரான்சிஸ்டரை வைத்து, அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு திசையில் செய்தி தெளிவாகக் கேட்டது. எந்த ரோடு திறந்திருக்கிறது, எங்கே முகாம் என்று தெருவில் இருந்த பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று கேட்டார்கள்.

"ஒயர்தான் போயிடுச்சே தாத்தா, எப்படிக் கேக்குது?"

"அது சிற்றலைக்குக் கட்டுனது. இதுக்கு உள்ளயே ஒண்ணு இருக்கு" என்றார். சாயங்காலம், விழுந்த மரத்துக்கு அடியிலிருந்து அந்தக் கம்பியை உருவி எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "மெக்கானிக்கு இருபத்திரண்டு முழம் கட்டச் சொன்னான், கட்டுனேன். அது என்ன இருபத்திரண்டு? இருபதா இருந்தா என்ன, இருபத்தஞ்சா இருந்தா என்ன? நீதான் படிக்கிறியே, சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. "பாத்துச் சொல்றேன் தாத்தா" என்றேன். போனில் டவர் வந்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு ஞாபகமே வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து தாத்தா போய்விட்டார்.

மதுரை வாசகிக்காகப் போன வாரம் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. 41 மீட்டர் அலைவரிசை. 75 வகுத்தல் 7.2, சுமார் 10.4 மீட்டர். உண்மையான கம்பியில் மின்சாரம் கொஞ்சம் மெதுவாகப் போவதுபோல நடந்துகொள்ளும் என்பதால் நூற்றுக்கு ஐந்து குறைத்துக் கட்டுவார்கள். 9.9 மீட்டர். ஒரு முழம் ஒன்றரை அடி. இருபத்திரண்டு முழம் 33 அடி. மீட்டரில் சொன்னால் 10.06.

பேர்கூடத் தெரியாத அந்த ரேடியோ மெக்கானிக் ஒரு சாண்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

2023-ல் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், செல்போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காமல் வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. பேரிடர் நேரத்தில் டவர் விழுந்தாலும் ரேடியோ கேட்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். உங்கள் போனில் எஃப்.எம். இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு முறை பாருங்கள். இருந்தால், ஒயர் வைத்த பழைய இயர்போன் ஒன்றைத் தூக்கிப் போடாமல் மேசை டிராயரில் வையுங்கள். மழைக்காலத்தில் உதவும்.

வீட்டில் தாத்தா, பாட்டி ஏதாவது கேள்வி கேட்டால், "பாத்துச் சொல்றேன்" என்று தள்ளிப்போடாதீங்க. அன்றைக்கே பார்த்துச் சொல்லிடுங்க.

அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோடு சந்திப்போம்!